அப்பளக்காரர்கள் லைசென்ஸ் எடுத்த கதை

சுண்டாங்குறிச்சிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊர்களில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். மூளை இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்படிப் பத்திரப்படுத்தியதில் ஊரிலேயே முதலிடம் அப்பளக்கார அண்ணன் தம்பிகளுக்கு. மூத்தவன் ஆவுடையப்பன், நடுவன் சொரிமுத்து, கடைசி பிச்சாண்டி. மூன்று பேரும் வயதில் முப்பதைத் தாண்டியிருந்தார்கள். வேறெதையும் தாண்டியதாகத் தகவல் இல்லை.

அப்பளம் மட்டும் அருமையாக இருக்கும். காரணம், அதைப் போடுவது ஆவுடையப்பனின் மனைவி செண்பகம். சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் இவர்கள் வேலை. அதையும் மூன்று பேர் சேர்ந்து செய்தார்கள். ஒருவன் ஓட்டுவான், ஒருவன் அப்பளத்தைப் பிடித்துக்கொள்வான், ஒருவன் பின்னாலேயே ஓடி வருவான். அவன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, அவனும் யோசித்ததில்லை.

ஒருநாள் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர் தாணுலிங்கம் மூவரையும் கூப்பிட்டுவிட்டார்.

"ஏப்பா, பந்தியில சாம்பார் ஊத்துற நேரத்துக்கு உங்க அப்பளம் வாசல்ல சைக்கிள்ல வந்து நிக்கி. ஆவணி பொறந்தா எனக்கு வரிசையா முகூர்த்தம். மோட்டார் சைக்கிளும் லைசென்சும் இருந்தா ஆர்டர் உங்களுக்கு. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

தாணுலிங்கத்தின் ஆர்டர் போனால் அடுப்பில் பூனைதான் படுக்கும். செண்பகம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வீட்டுக்கு வந்தது. மூன்று பேரில் மூத்தவன் லைசென்ஸ் எடுப்பது என்று முடிவாயிற்று. மூத்தவன் என்பதைத் தவிர அவனிடம் வேறு தகுதி எதுவும் இல்லை.

எல்.எல்.ஆர். எப்படியோ கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் கேட்ட கேள்விகளுக்கு ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தான். படித்துவிட்டு வந்திருந்த இரண்டு பேர் அன்றைக்கு ஃபெயில்.

டிரைவிங் ஸ்கூல் இன்னாசிமுத்து மாஸ்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பழகுநர் உரிமம். ஒரு மாசம் வண்டியோட நல்லாப் பழகணும். முன்னாலயும் பின்னாலயும் எல் ஒட்டிக்கிடுங்க. நல்லாப் பழகின பெறகு வாங்க, நான் பாக்கேன்."

அன்று சாயங்காலமே பழக ஆரம்பித்தார்கள்.

ஆவுடையப்பன் சட்டையின் முன்பக்கம் ஒரு எல், முதுகில் ஒரு எல். வண்டிக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்தான். தம்பிகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"என்னண்ணே பேசுறது?" என்றான் பிச்சாண்டி.

"புதுசா வந்தவங்ககிட்ட என்ன கேப்போம்? சொந்த ஊரு எதுன்னு கேளு."

கேட்டார்கள். வண்டி பேசவில்லை.

"கூச்சப்படுது," என்றான் சொரிமுத்து. "நேத்துத்தானே வந்திருக்கு."

மறுநாளிலிருந்து வேளாவேளைக்கு வண்டிக்கும் இலை போட்டார்கள். குடும்ப விஷயங்களை ஒளிக்காமல் சொன்னார்கள். சொரிமுத்துவுக்குப் பார்த்த பெண் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போன கதையைச் சொல்லும்போது, வண்டியின் கண்ணாடியில் ஈரம் இருந்ததைப் பார்த்ததாக அவன் சத்தியம் செய்தான். மழை தூறிக்கொண்டிருந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மாதம் முடிவதற்குள் பழக்கம் முற்றி, வண்டியை "மச்சான்" என்று கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு தடவைகூட யாரும் அதன்மேல் ஏறவில்லை. மச்சான்மேல் ஏறி உட்காருவது மரியாதையா?

செண்பகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அப்பளம் உருட்டினாள். அவள் கையில் உருட்டுக்கட்டை இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை அவளுடைய பொறுமைக்குச் சாட்சியாகச் சொல்லலாம்.

மாதம் முடிந்து மூவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மாஸ்டரிடம் போனார்கள்.

"பழகியாச்சா?"

"உசுருக்கு உசுரு," என்றான் ஆவுடையப்பன்.

"எங்க, ஸ்டார்ட் பண்ணு."

ஆவுடையப்பன் குனிந்து ஹேண்டில்பார் அருகே வாயை வைத்து, "மச்சான், பொறப்படுவோமா?" என்று கேட்டான்.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். பல பேருக்குக் கற்றுக்கொடுத்த மனிதர், பாவம். ஆனாலும் விடவில்லை. உதைக்கச் சொன்னார். மச்சானை உதைக்க மாட்டேன் என்றவனைத் திட்டி உதைக்க வைத்தார். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் காட்டிக்கொடுத்து, ஊர்த் தெருவில் ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்தார். வண்டி கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் போயிற்று. அப்போது அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"யோவ், கண்ணாடியைப் பாத்து ஓட்டுய்யா! பின்னால என்ன வருதுன்னு தெரியணும்!"

ஆவுடையப்பன் கண்ணாடியைப் பார்த்தான். பார்த்தால் முழுசாகத்தான் பார்ப்பான். முன்னால் இருந்த உலகத்தை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடிக்குள் கண்ணை நட்டான்.

"பின்னால ஒரு மாடு வருது மாஸ்டர். ஒரு அம்மா குடம் கொண்டு போறாங்க. பிச்சாண்டி ஓடி வாரான்."

"முன்னால பாருய்யா!"

"நீங்கதானே கண்ணாடியைப் பாக்கச் சொன்னீங்க?"

முன்னால் அவனுடைய சொந்த வீடு வந்தது. வாசலில் பாய் பாயாக அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. வண்டி அத்தனை பாயிலும் ஏறி இறங்கி, மாவுப் பானையில் முட்டி நின்றது. மாஸ்டர் உளுந்து மாவுக்குள் இருந்து எழுந்தார். ஆவுடையப்பன் விழுந்த இடத்திலும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னால ஒண்ணும் வரல மாஸ்டர்," என்றான் திருப்தியாக.

அந்த அப்பளங்களை டயர் தடத்தோடு பொரித்து விற்றார்கள். புது டிசைன் நன்றாயிருக்கிறது என்று நாலு பேர் கேட்டு வாங்கினார்கள். வாங்கினவர்களும் சுண்டாங்குறிச்சிக்காரர்கள்தானே.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மாஸ்டர் கடைசிப் பாடம் சொன்னார். தள்ளி நின்றுகொண்டு சொன்னார். கிட்டே வர அவருக்கு மனமில்லை.

"நாளைக்கு அங்க எட்டுப் போடச் சொல்வாங்க. போட்டா லைசென்ஸ். ஒரே விஷயம், கால் தரையில படக்கூடாது. பட்டா ஃபெயில். புரியுதா?"

"எந்த எட்டு?" என்று கேட்டான் சொரிமுத்து.

"எட்டுன்னா எட்டுதான்!"

அவர் போனபிறகு அண்ணன் தம்பிகள் கூடி உட்கார்ந்தார்கள்.

"பள்ளிக்கூடத்து எட்டு ரெண்டு வட்டம்," என்றான் பிச்சாண்டி. "ஆனா தமிழ் எட்டு வேற மாதிரி இருக்கும். 'அ' மாதிரியே."

"கவர்மெண்ட்டு ஆபீஸ்ல தமிழ்ல தானே போடணும்?" என்றான் சொரிமுத்து.

"தமிழ் எட்டைப் போட்டா 'அ'னான்னு நெனச்சு ஒண்ணாங் கிளாசுல உக்கார வெச்சிருவாங்க," என்றான் ஆவுடையப்பன். அந்தப் பயத்தால் மட்டும், இரண்டு வட்டமே போடுவது என்று விவகாரம் தீர்ந்தது. ஒன்றாம் வகுப்பில் அவன் ஏற்கெனவே பல வருஷம் உட்கார்ந்திருந்தவன்.

மறுநாள் காலை ஆவுடையப்பன் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கவில்லை. தரையில் படக்கூடாதே. கட்டிலிலேயே பல் விளக்கினான். தம்பிகள் இருவரும் முறை வைத்து, ஒருவன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு, மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் ஏதோ சாமி ஊர்வலம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "இவருக்குக் கால்ல அடியா?"

"காலு நல்லாத்தாம்மா இருக்கு," என்றான் பிச்சாண்டி. "தரையிலதான் படக்கூடாது."

அவர் எத்தனையோ பேரைப் பார்த்தவர். மேற்கொண்டு கேட்கவில்லை. "எட்டுப் போடுங்க," என்றார்.

தம்பிகள் அண்ணனை வண்டிமேல் உட்கார வைத்துத் தள்ளிவிட்டார்கள். ஆவுடையப்பன் எட்டுப் போட்டான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல எட்டு. முட்டாள்களுக்கும் சில நாள் வண்டி ஒத்துழைக்கும். ஒரு மாதம் பழகிய மச்சான் அல்லவா.

"சரி, போதும். நிறுத்துங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

அவன் நிறுத்தவில்லை. இரண்டாவது எட்டைப் போட்டான். அப்புறம் இன்னொன்று.

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

"நிறுத்துனா கால ஊனணும்மா!" சுற்றிக்கொண்டே கத்தினான். "கால் பட்டா ஃபெயில்! என்னை ஏமாத்தப் பாக்காதீங்க!"

"அண்ணே, மசிஞ்சிராதே!" என்று தம்பிகள் ஓரத்திலிருந்து உற்சாகப்படுத்தினார்கள்.

வரிசையில் நின்றவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். சிலர் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். ஆவுடையப்பனுக்குத் தலை சுற்றியது, கண்ணில் நீர் வந்தது. செண்பகத்தின் வெறுங்கழுத்து ஞாபகத்துக்கு வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு எட்டுப் போட்டான். அந்த ஒரு இடத்தில் அவனைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அதிக நேரம் பாவப்பட முடியாத முகம் அது.

கடைசியில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. அப்படியே சாய்ந்தது. ஆவுடையப்பன் முதுகு மண்ணில் பட விழுந்து, இரண்டு காலையும் வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"படலம்மா! நல்லாப் பாத்துக்கிடுங்க, படல!"

இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பசி. இவனை ஃபெயிலாக்கினால் இன்னொரு நாள் இவன் திரும்ப வருவான் என்பதை நினைத்துப் பார்த்தார். பாஸ் போட்டார்.

லைசென்ஸ் தபாலில் வந்தது. கொண்டு வந்த தபால்காரர் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு நல்ல மனதோடு சொன்னார்: "இனி கவலையில்லைய்யா. 2041 வரைக்கும் செல்லும். எங்கயும் தொலைச்சிராம வண்டியிலேயே போட்டு வையுங்க."

அவர் தெருமுனை திரும்பும் முன் மூவரும் கூட்டம் கூடிவிட்டார்கள்.

"2041 வரைக்கும் செல்லுமாம்," என்றான் சொரிமுத்து, கார்டைத் தடவியபடி.

"அப்ப பெட்ரோல் எதுக்கு?" என்றான் பிச்சாண்டி.

"அன்னைக்கு மைதானத்துல வண்டி ஏன் நின்னுச்சு?" ஆவுடையப்பன் நெற்றியைச் சுருக்கினான். "அன்னைக்கு லைசென்ஸ் இல்ல. அதான் நின்னுச்சு."

தம்பிகள் இருவரும் அண்ணனை அண்ணாந்து பார்த்தார்கள். மூத்தவன் மூத்தவன்தான்.

வண்டியிலேயே போட்டு வைக்க வேண்டும். வண்டியில் மூடியும் பூட்டும் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். கார்டு நனையக்கூடாது என்பதற்காக டேங்கில் புதிதாகப் போட்டிருந்த பெட்ரோலையெல்லாம் வடித்து முற்றத்தில் கொட்டினார்கள். டேங்கைத் துடைத்தார்கள். கார்டை வளைத்து உள்ளே போட்டு மூடிப் பூட்டினார்கள்.

ஆவணி முதல் முகூர்த்தம். தாணுலிங்கத்தின் சமையல். செண்பகம் விடிய விடிய உருட்டிய அப்பளம் கூடை கூடையாக வண்டியில் ஏறியது. குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் புண்ணியத்தில் வண்டி கிளம்பியது. "பாத்தியாலே, லைசென்ஸ் ஓட்டுது!" என்று ஆவுடையப்பன் கூவினான். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் வண்டி இருமி, நடுங்கி, நின்றது.

உதைத்தார்கள். கெஞ்சினார்கள். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார்கள், கார்டு இருந்தது. மூடிவிட்டு மறுபடி உதைத்தார்கள். வழியில் போனவர் ஒருவர் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார். அவருடைய அறியாமையைப் பார்த்து மூவரும் சிரித்தார்கள்.

வேர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குப் போனபோது, கடைசிப் பந்தி கை கழுவிக்கொண்டிருந்தது. பாயசத்துக்கு அப்பளம் இல்லையென்று மாப்பிள்ளை வீட்டார் போட்ட சண்டையில் தாணுலிங்கத்தின் குரல் கம்மிவிட்டது. கம்மிய குரலிலேயே அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆர்டர் வேறு ஆளுக்குப் போயிற்று.

அன்றைக்கு மூவருக்கும் சோறு இறங்கவில்லை. ஆவுடையப்பன் செண்பகத்தின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் சொரிமுத்துதான் கண்டுபிடித்தான்.

"அண்ணே, அம்மாம் பெரிய டேங்க். நாம போட்டது ஒரே ஒரு கார்டு. அடியிலயே கிடக்கு. அது எப்படி எட்டும்?"

ஆவுடையப்பன் நிமிர்ந்தான். முகம் தெளிந்தது.

மறுநாள் லைசென்ஸ் ஆபீஸ் திறந்ததும் திறக்காததுமாக, மூவரும் வண்டியை வாசற்படி மேலேற்றி, உள்ளே தள்ளிக்கொண்டுபோய், இன்ஸ்பெக்டரம்மாவின் மேஜை ஓரமாக நிறுத்தினார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

ஆவுடையப்பன் டேங்க் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு, மிகவும் பணிவாகச் சொன்னான்:

"ஃபுல் பண்ணிருங்கம்மா."