மேலருவிக்குப் போன ஞாயிறு

மாசிலாமணி பேருந்து ஓட்டுநர். ஐம்பத்திரண்டு வயது. ஆறு வருஷமாக மலையடிவாரத்து மடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே குருவாக இருந்த ஞானாம்பிகை அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். டெப்போவில் சிலருக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவருக்கு அப்படித் தோன்றியதில்லை.

ஒருநாள் அவர் அம்மையிடம் கேட்டார்.

"அம்மா, எனக்கு வீட்டு மேல இருந்த பற்று போயிருச்சு. காவி குடுங்க. இங்கயே இருந்துக்கிறேன்."

"போயிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"பொஞ்சாதி அழுதா. எனக்கு ஒண்ணும் தோணலை."



"ஞாயித்துக்கிழமை வீட்ல எல்லாரையும் மேலருவிக்குக் கூட்டிட்டு வாங்க. நானும் வர்றேன்."

மேலருவிக்குச் சாலை கிடையாது. கடைசி ஊரில் இறங்கி, ஈத்தை மூங்கில் மண்டிய காட்டுக்குள் இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். மகள் மங்கையர்க்கரசி முன்னால் ஓடினாள். பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தவளுக்கு அப்பாவோடு ஊர்சுற்றப் போவதே பெரிய விஷயம். மனைவி கோமளம் தூக்குவாளியைச் சுமந்துகொண்டு வழி முழுக்கப் பேசாமல் வந்தாள். சேர்ந்து போகிற கடைசிப் பயணம் என்று நினைக்கிறாள் போல என்று மாசிலாமணிக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அருவி உயரத்திலிருந்து விழுந்து, கீழே அகலமான தடாகமாகத் தேங்கிக் கிடந்தது. பக்கத்தில் இருப்பவர்கூடக் காதோரம் வந்துதான் பேச வேண்டும். அவ்வளவு இரைச்சல். குளித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் வைங்க" என்று அம்மை இலையை நீட்டினார். அன்று முதல்முறையாகக் கோமளம் சிரித்தாள்.

அரசி சாப்பிட்டு முடித்து, தடாகத்தின் நடுவில் இருந்த பாறைக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். முதுகைக் கரைப்பக்கம் காட்டி, காலை நீரில் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணிதான் முதலில் பார்த்தார். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த அருவி செம்மண் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. சருகும் சுள்ளியும் வந்து விழுந்தன. மலை உச்சியில் எங்கோ மழை.

"அரசி!"

அவள் திரும்பவில்லை.

அவர் எழுந்து ஓடினார். குறுக்கே எழுந்த யாரையோ இடித்துத் தள்ளினார். சோறு கவிழ்ந்தது. தண்ணீர் அதற்குள் இடுப்புக்கு ஏறியிருந்தது. ஒரு இடத்தில் கால் பிடிமானம் இல்லாமல் போனது. மகள் பெயரைக் கத்திக்கொண்டே பாறையைப் பிடித்தார். அவள் திரும்பிப் பார்த்து, அப்போதுதான் மிரண்டாள். அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். கோமளம் நீருக்குள் இறங்கி அவர் சட்டையைப் பற்றி இழுத்தாள்.

மூவரும் கரையேறித் திரும்பியபோது அந்தப் பாறை இருந்த இடம் தெரியவில்லை.

"என் செருப்பு போச்சுப்பா" என்றாள் அரசி. கோமளம் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். மாசிலாமணியின் கை கோமளத்தின் கையைப் பிடித்தபடியே இருந்தது.

"வீட்டுக்குப் போயிரலாங்க" என்றாள் அவள்.

"போவோம். நம்ம வீட்டுக்குப் போவோம்."

கோமளம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அவருக்குக் குருவின் நினைவு வந்தது. அம்மை சிதறிக் கிடந்த சோற்றுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது.

மாசிலாமணி அவர் அருகில் போய்க் குனிந்து, காதோரம் பேசினார்.

"அம்மா, உங்களத்தான் தள்ளிவிட்டேனா?"

"ஆமா."

"நீங்க இருக்கிறதே மறந்துபோச்சு. சாமி பேரு வரலை. ஆறு வருஷம் சொன்ன மந்திரத்துல ஒரு எழுத்துகூட வரலை. அவ பேரைத்தான் கத்துனேன்."

அம்மை முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். பேச வாய் திறந்தபோது தொண்டை கட்டியிருந்தது.

"நானும் அந்தப் பேரைத்தான் கத்துனேன். இரைச்சல்ல உங்களுக்குக் கேக்கலை."