செம்பியும் ஆறு விரித்த விசிறியும்

பாலைவனத்து மலையடிவாரத்தில் செம்பி என்றொரு எலி தன் குட்டிகளோடு வளை தோண்டி வாழ்ந்து வந்தது. மலையிலிருந்து பாய்ந்து வரும் காட்டாறு சமவெளியைக் கண்டதும் களைத்துப்போகும். தூக்கி வந்த கல்லை முதலில் போடும், பிறகு மணலை, கடைசியில் வண்டலை. தண்ணீரும் அங்கேயே மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒரு மழைக்கு இடப்பக்கம் ஓடும். மறு மழைக்கு வலப்பக்கம். அப்படிக் கொட்டிக் கொட்டியே, விரித்த விசிறிபோலப் பெரிய மேடு ஒன்று உண்டாகியிருந்தது.

இந்த மழைக்குச் செம்பியின் வளைமேலேயே ஆறு வண்டலைக் கொட்டிவிட்டது. குட்டிகளை இழுத்துக்கொண்டு தப்புவதற்குள் செம்பிக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

"கடலைப் பார்க்கத் துப்பில்லாத ஆறே! உன் குப்பையைக் கொட்ட என் வீடுதானா கிடைத்தது!" என்று அது திட்டியது.

நரி ஒன்று அதைக் கேட்டது. "ஐயோ பாவம், செம்பியக்கா! அதோ பாருங்கள், பள்ளத்தின் நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு தரை! ஆறு அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. குட்டிகளோடு குடிபோங்களேன்!"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கோபத்தில் இருந்த செம்பிக்கு அது உறைக்கவில்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டது.

வெள்ளைத் தரை வெறும் உப்புத்தரை. பாறையாய் இறுகிக் கிடந்தது. பிறாண்டிப் பார்த்ததில் நகம்தான் தேய்ந்தது. ஒளிந்துகொள்ள ஒரு புல்லும் இல்லை. தூரத்தில் நரி நாக்கைத் தொங்கவிட்டபடி வந்துகொண்டிருந்தது.

"வீடு பிடித்திருக்கிறதா, அக்கா?"

"ஓடுங்கள் பிள்ளைகளே, ஆற்று மேட்டுக்கு!"

விழுந்தடித்து ஓடின. நரி நெருங்கி வாலைக் கவ்வப்போன நேரத்தில் காலடியில் மண் மெத்தென்றது. ஆறு கொட்டிய அதே வண்டல்! செம்பி பரபரவென்று தோண்டியது. அடியில், ஆறு என்றைக்கோ போட்டுவைத்த கூழாங்கற்கள். அவற்றின் இடுக்கில் குட்டிகளைத் தள்ளித் தானும் புகுந்துகொண்டது. நரியும் தோண்டிப் பார்த்தது; கல்லில் கால் இடித்ததுதான் மிச்சம்.

கல்லிடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தாகத்தில் துவண்ட குட்டிகள் அதை நக்கிக் குடித்தன. செம்பிக்குக் கண் கலங்கியது.

"தாயே! கடலுக்குப் போகாமல் எங்களோடு நின்றுவிட்டாயே. உன்னையா திட்டினேன்!"

அடுத்த மழைக்கும் ஆறு வளையை மூடத்தான் செய்தது. செம்பி குட்டிகளோடு ஒதுங்கி நின்று, "வா தாயே, வா!" என்றது. வெள்ளம் வடிந்ததும் புதுமண்ணில் புதுவளை தோண்டியது.

வாழவைப்பவர் தரும் தொல்லையை நன்றியோடு பொறுத்துக்கொள்ள வேண்டும். தொல்லையே இல்லாத இடம் காட்டுகிறவனைத்தான் ஐயப்பட வேண்டும்.