தாழி கேட்ட ‘இருக்குமோ?’

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் வாய் திறந்து பேசிய நாளில், எதைக் கேட்டாலும் அவற்றிடம் இரண்டே பதில்கள்தான் இருந்தன. ஒன்று உண்டு, இன்னொன்று இல்லை. நடுவில் ஒரு பதில் இருக்கலாம் என்று எந்த ஜீவனுக்கும் தோன்றியதில்லை. யானைகளும் அப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு திடுதிடுவென்றுதான் நடக்கும்.

ஒரு கோடையில் காடே காய்ந்து போயிற்று. தாழி என்ற பெண் யானை தன் கூட்டத்தை மூன்று நாள் நடத்தி, ஒரு பெரிய ஏரிக்குக் கூட்டி வந்தாள். சுற்றிலும் வெடித்த மண். நட்டநடுவில் மட்டும் தண்ணீர் தகதகவென்று மின்னியது. தாழியின் குட்டியால் நிற்கக்கூட முடியவில்லை. அம்மாவின் காலில் சாய்ந்து கண் சொருகிக் கிடந்தது.

ஏரிக்குள், ஒரு பட்ட மருதமரத்தின் பக்கத்தில், வெடித்த மண்ணின் மேல் ஒரு கொக்கு நின்றது.

“கொக்கே, அங்கே தரை உண்டா?” என்று கேட்டாள் தாழி.

“உண்டு தாயி. விடிஞ்சதிலிருந்து இது மேலதானே நிக்கிறேன்!”

கொக்கு பொய் சொல்லவில்லை. கூட்டம் முண்டியடித்தது. தாழி மட்டும் நகரவில்லை. கொக்கின் கால்களைப் பார்த்தாள். தன் கால்களைப் பார்த்தாள்.

“இருக்குமோ?” என்றாள்.

அப்படி ஒரு பேச்சை உலகம் அதுவரை கேட்டதில்லை.

“என்னக்கா உளர்றே?” தங்கை செம்பி படபடத்தாள். “அதான் உண்டுன்னு சொல்லிடுச்சே! பிள்ளைக்கு நாக்கு தள்ளிடுச்சு, நீ நின்னு யோசிக்கிறே. தள்ளு, நான் கூட்டிட்டுப் போறேன்.”

தாழி குட்டியை ஒரு தரம் பார்த்தாள். இருந்தும் செம்பியைத் துதிக்கையால் மறித்தாள். பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் வைத்துக்கொண்டு, ஒரு முன்னங்காலை மட்டும் நீட்டி, மண்ணை மெல்ல அழுத்தினாள்.

ஏரி முழுவதும் பானைத் தயிர் போல ஆடியது. வெடிப்புகள் வாய் பிளந்தன. அடியில் கறுப்புச் சேறு ஆழம் தெரியாமல் கிடந்தது. கொக்கின் பக்கத்தில் நின்ற அந்த மருதமரம் ஒரு சத்தமும் இல்லாமல் கிளை கிளையாக இறங்கி, உச்சிக்கொம்பு வரை மறைந்து போயிற்று. கொக்கு அலறிப் பறந்தது. அம்மாடி! இவ்வளவு பெரிய சாவு, இவ்வளவு மெல்லிய தோலுக்கு அடியிலா படுத்திருந்தது! செம்பி அக்காவின் பாதத்தையே பார்த்தாள்.

தாழி ஏரியைச் சுற்றி ஒவ்வோர் அடியாக அழுத்திப் பார்த்து நடந்தாள். அவள் கால் பட்ட இடத்திலேயே மற்றவர்களும் கால் வைத்தார்கள். மறுகரையில் ஒரு பாறை தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. முதலில் குட்டி குடித்தது. அது குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் நின்றார்கள்.

பறந்த கொக்கு வேறொரு கரையில் இறங்கியது. ஆனால் இரண்டு கால்களையும் சேர்த்து ஊன்ற அதற்கு இன்னும் மனசு வரவில்லை.

அன்று முதல்தான் யானை, தன் பாரத்தைக் கொடுப்பதற்கு முன்னால் தரையைத் தொட்டுக் கேட்கிறது. தினமும் நடக்கும் கோயில் கருங்கல் தளத்தில்கூட அதன் கால் ஒரு நொடி நின்றுதான் இறங்கும். பின்னால் குட்டி வருகிறதென்றால், இரண்டு நொடி.