பாட்டுக்கு மெஷின் ஓட்டிய தெய்வசிகாமணி

தெய்வசிகாமணியைப் பொய்யர் என்று எங்கள் ரோட்டில் யாரும் சொல்வதில்லை. பொய்யன் என்றால் எப்போதாவது வாய் தவறியாவது உண்மை பேசுவான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். அவர் பக்கத்துக் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். மெஷினுக்கு ஊசி வாங்கப் போன முதலாளி, பெட்டி தூக்க ஆள் வேண்டுமென்று இவரை ஒரே ஒரு தடவை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போனார். போனது ஒரு வாரம். அந்த ஒரு வாரம் அவர் வாயில் இன்னும் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மருதாசலத்தின் சலூனில் உட்கார்ந்திருந்தேன். சாயப்பட்டறை முதலாளி பொங்கியண்ணன் தலைக்கு மை போட்டுக்கொண்டு, அது காயட்டும் என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளிமார் சங்கத்துச் செயலாளர். 'உலகமே நம்ம பனியனைப் போடுது, ஒருத்தனுக்கும் நம்ம ஊர் பேர் தெரியல. மத்த நாட்டுக்காரனெல்லாம் பாட்டு, நாடகம்னு அனுப்பிப் பேர் வாங்கறான், நாமளும் ஒரு கலைப்பூங்கா கட்டுவோம்' என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். அதற்கு ஒரு நிர்வாகி வேண்டும். ஏசி ரூம், சுழல் நாற்காலி. நாள் முழுக்க ஆயிலில் கிடக்கிற தெய்வசிகாமணிக்கு அந்த நாற்காலியின் மேல் கண்.

முந்தின நாள்தான் சவரம் செய்த கன்னத்தோடு உள்ளே வந்தார்.

"ஏனுங்ண்ணா, பூங்காவுக்கு ஆள் தேடறீங்களாமா?"

பொங்கியண்ணன் பேப்பரை இறக்கவில்லை. "தேடறோம். தொழில் தெரிஞ்சவனா வேணும்."

"அந்தத் தொழில்ல ஒரு நாட்டையே நடத்திட்டு வந்தவனுங்க நானு."

"எந்த நாடுங்க?" என்றார் மருதாசலம்.

"பேரைச் சொன்னா மறுக்கா விசா தரமாட்டான். கெழக்க இருக்குது, அவ்வளவுதான்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அந்த நாட்டுல செய்யாத சாமான் கெடையாது. ஊக்கு, பட்டன், ஃபேன், கப்பல், அத்தனையும். மருதாசலம், உன்ற கையில இருக்கற கத்திரி அவன் செஞ்சது. நெலா கொஞ்சம் தேஞ்ச மாதிரி இருக்குதேன்னு அதுக்கும் ஒரு ஸ்பேர் செஞ்சு குடோன்ல வெச்சிருந்தான். இந்தக் கையால தொட்டுப் பார்த்தேன்."

"பௌர்ணமிக்கு மாட்டுவாங்களாக்கும்?" என்றேன்.

"மெஷின் ஓடறப்ப எவனாச்சும் ஸ்பேர் மாட்டுவானா? அமாவாசைக்குத்தான்."

மருதாசலம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெய்வசிகாமணி கண்டுகொள்ளவில்லை.

"மெஷின் எக்ஸிபிஷன்ல நின்னு முதலாளிகிட்ட ஏதோ சொன்னேன். பக்கத்துல நின்ன ஒரு பொம்பளை சிரிச்சிருச்சு. அந்த நாட்டுல ஆரும் சிரிச்சு வெகு காலமாச்சாம். சத்தத்தைக் கேட்டு ஃபயர் வண்டி வந்துருச்சு. சிரிக்க வெச்சவன் ஆருன்னு கேட்டு என்னைய நேரா மந்திரிகிட்டக் கொண்டுபோயிட்டாங்க. அவரு என்ற தோள்ல சாஞ்சு அழறாருங்க. 'உலகமே எங்க சாமானை வாங்குது, ஒருத்தனும் எங்களை நெனைக்க மாட்டேங்கறான். ஆணியைப் பார்த்து ஆருக்காவது காதல் வருமா, தெய்வசிகாமணி?'ன்னு."

"எந்த பாஷையில கேட்டான்?" பேப்பருக்குப் பின்னாலிருந்து வந்தது குரல்.

"அழுகைக்கு என்னங்ண்ணா பாஷை?"

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. அந்த நாட்டின் முதல் பாட்டு ஃபேக்டரியை நிறுவியதே அவர்தானாம்.

"நம்ம வட்ட நிட்டிங் மெஷினேதான். மேல பாடகருங்களை நூல் கோன் மாதிரி சுத்தி நிக்க வெச்சாச்சு. அவங்க மூச்சு உள்ள போகும், கீழ பாட்டு துணியாட்டம் குழாய் குழாயா எறங்கும். காதல் பாட்டுக்கு மெலிசு, தேசபக்திப் பாட்டுக்கு கனம், எல்லாம் நான் வெச்ச அளவு. ஓட்டை வுழுந்த பாட்டையெல்லாம் எடை போட்டு வித்தோம். இன்னிக்கு நம்ம மினி பஸ்ல போடறானே, அத்தனையும் அந்த செகண்ட்ஸ் மால்தான்."

"இது ஒண்ணை வேணா நம்பறேன்" என்றார் மருதாசலம்.

"ஹீரோ செய்யறதுக்குத் தனி லைன். மூக்கு ஒரு ஊர்ல, முடி ஒரு ஊர்ல, கடைசியில ஒரே எடத்துல பூட்டறது. ஆனா எல்லாம் ஒரே அச்சு. ஒரு நாள் ஒருத்தன் வீட்டுக்கு இன்னொருத்தன் போயிட்டான். பொண்டாட்டிக்கு வித்தியாசம் தெரியல. மாமியாகாரிதான் புடிச்சா, 'இவன் சொன்ன பேச்சைக் கேக்கறான், என்ற மருமகன் இல்ல'ன்னு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, இவனே இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டா. நாடகத்துக்கு அழுகை செய்யற ஃபேக்டரியும் நம்ம பொறுப்புதான். சீனு சரியா இருக்குதான்னு பாக்க, ஊரு ஜனங்களை உக்கார வெச்சு அழ வெப்போம். கண்ணீரை மோட்டார் போட்டு ஆத்துல வுட்டோம்."

பொங்கியண்ணனின் பேப்பர் முதல்முறையாகக் கீழே இறங்கியது. "ஆத்துலயா? சுத்திகரிக்காமயா?"

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனுங்ண்ணா, கேக்கல. ஆறு பூரா உப்பேறிப் போச்சு. மீனு நீந்திட்டு இருக்கறப்பவே கருவாடாயிருச்சு. வலையே வேண்டாம். தானாக் கரையேறி வெயிலைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கும்."

மருதாசலத்தின் கையிலிருந்த சீப்பு நழுவி விழுந்தது. தெய்வசிகாமணி குரலை இன்னும் உயர்த்தினார்.

"பக்கத்து நாட்டுக்காரன் பொறாமையில பீரங்கியோட எல்லைக்கு வந்துட்டான். நான் ஸ்பீக்கரைக் கட்டி ஒரே ஒரு பாட்டை அவுத்து வுட்டேன். அவங்க தளபதி தொப்பியைத் தூக்கி எறிஞ்சுட்டு ஆடறான். பின்னால பட்டாளமே ஆடுது. ஆடி முடிச்சு, 'எங்களுக்குன்னு தனியா எதுக்கு ஒரு நாடு? நீங்களே வெச்சுக்குங்க'ன்னு குடுத்துட்டுப் போயிட்டான். மலையோட."

"மலையோடவா?"

"மலையத் தனியா கழட்ட முடியுமா? சேர்ந்தேதான் வந்துச்சு."

இவ்வளவு பெருமை அடிக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆளை மடக்கலாம் என்று கேட்டேன். "உலகமே ஆடுச்சு, சரி. அந்த ஊரு ஜனங்க அந்தப் பாட்டைக் கேட்டு சந்தோஷமா இருந்தாங்களா?"

மனுஷன் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தார்.

"அவங்க எங்க கேட்டாங்க? எல்லாம் எக்ஸ்போர்ட்டுங்க. சிரிப்பு, பாட்டு, அழுகை, அத்தனையும் கண்டெய்னர்ல ஏறிப்போச்சு. ஊருக்குள்ள ஒரு எழவு வுழுந்தா அழறதுக்குச் சரக்கு இல்ல. பொணத்தை நடுவுல போட்டுட்டு ஒருத்தன் மொகத்தை ஒருத்தன் பார்த்துட்டு நிப்பாங்க. ஒரு தாயி, கொழந்தைக்கு ரெண்டு வரி தாலாட்டு கேட்டு ஃபேக்டரி வாசல்ல வந்து நின்னா. வாட்ச்மேன் உள்ள வுடல."

நான் குனிந்து என் பனியனைப் பார்த்தேன். நாங்கள் நாலு பேரும் போட்டிருந்த பனியன் எக்ஸ்போர்ட்டில் கழித்த மால். பார்சலில் போன நல்ல சரக்கை யார் போட்டுக்கொண்டு எந்தத் தெருவில் நடக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்தரும் பார்த்ததில்லை. பொங்கியண்ணன் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இவரையே பார்த்தார். ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்ட முகம் அது.

தெய்வசிகாமணி அதோடு வாயை மூடியிருந்தால் இன்றைக்குச் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருப்பார். எங்களை வாயடைக்க வைத்துவிட்ட சந்தோஷம் அவரை விடவில்லை.

"நான் சும்மா இருப்பனா? நேரா மந்திரி ரூமுக்குப் போனேன். 'மெஷினை நிறுத்துங்க'ன்னேன். அந்தத் தாயி கதையச் சொன்னேன். மந்திரி எந்திரிச்சு நின்னாரு. கையெடுத்துக் கும்புட்டு, 'தப்புப் பண்ணிட்டேன், தெய்வசிகாமணி. யோசனை என்னோடது, குத்தமும் என்னோடதுதான். அதிகாரிங்க மேல பழி போடறதா இல்ல'ன்னாரு. அன்னிக்கே ராஜினாமா பண்ணிட்டு டவுன் பஸ்ல ஏறி வீட்டுக்குப் போயிட்டாருங்க!"

சொல்லிவிட்டு எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தார். பொங்கியண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார்.

"நெலாவுக்கு ஸ்பேர்னு சொன்னே, கேட்டுக்கிட்டேன். மீனு கருவாடாச்சுன்னே. சரி, ஆயிருக்கும். மலையோட நாட்டைக் குடுத்தான்னே, சங்கத்துல சொன்னா எந்திரிச்சுக் கை தட்டுவாங்க. உன்னையவே போட்டரலாம்னு இப்பத்தான் முடிவு பண்ணினேன்."

"ரொம்ப சந்தோஷமுங்ண்ணா!"

"இரு. ஒரு மந்திரி எந்திரிச்சு நின்னு, தப்பு என்னோடதுதான்னு சொல்லி, டவுன் பஸ்ல வீட்டுக்குப் போனானா?" பொங்கியண்ணன் மறுபடி பேப்பரை விரித்தார். "பூங்காவுக்குப் பொய் சொல்லத் தெரிஞ்ச ஆளுதான் வேணும் சாமி. உனக்கு அளவு தெரியல."