பாதியில் நிற்கும் கூடுகள்

பறவைகள் பேசிய அந்தக் காலத்தில் அவற்றுக்கும் வரி உண்டு.

ஏரிக்கரைப் பனைமரங்களில் குடியிருந்த பறவைகளுக்கெல்லாம் பருந்துதான் அரசன். ஆலமரத்து உச்சியில் ஒரு மண்டபம் கட்ட அதற்கு ஆசை வந்தது. மழை வந்தால் எல்லோரும் அங்கே ஒதுங்கலாம், எல்லாம் உங்களுக்காகத்தான் என்று அறிவித்தது. ஆள்பவர்கள் தங்களுக்காக என்று சொல்லி எதையும் கேட்டதாக எந்தக் காலத்திலும் செய்தி இல்லை. கட்டி முடித்த கூடு ஒவ்வொன்றிலிருந்தும் நாலில் ஒரு பங்கு நார் அரசுக்கு என்று ஆணை பிறந்தது. வசூலுக்குக் கரிச்சான் குருவி அமர்த்தப்பட்டது.

நார் கிழித்துப் பின்னுவதில் தூக்கணாங்குருவியை மிஞ்ச ஆளில்லை. ஆகவே கரிச்சான் முதலில் வந்தது அங்கேதான். ஆண்குருவி பதினெட்டு நாள் பின்னிய கூட்டின் அடியிலிருந்து அரசின் பங்கை அது உருவிக்கொண்டு போனது. அன்றைக்கே காற்றடித்தது. தளர்ந்த அடி பிரிந்து மூன்று முட்டைகளும் ஏரியில் விழுந்தன. முறையிடப் போனால், மண்டபத்துக்கு இன்னும் கூரை வேயவில்லை, பொறுங்கள் என்றார்கள்.

அடுத்த பருவம் வந்தது. பெண்குருவி முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. பாதிக் கூடு தொங்கியபோது அது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆணையில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டது.

“கட்டி முடித்த கூடுன்னு இருக்கு.”

“அப்போ முடிக்காதீங்க. பக்கத்திலே இன்னொண்ணு ஆரம்பிங்க.”

எடுத்த வேலையைப் பாதியில் விடுவது ஆண்குருவிக்கு அவமானம். ஆனாலும் அலகிலிருந்த நாரை அப்படியே தொங்கவிட்டு அடுத்த ஓலைக்குத் தாவியது.

கரிச்சான் வந்தபோது இரண்டு பாதிக் கூடுகள் ஆடிக்கொண்டிருந்தன. அடுத்த முறை ஆறு. ஒன்றுக்கும் அடி இல்லை. அதற்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தது.

“எப்பத்தான்டா முடிப்பே?”

“வேலை நடக்குதுங்க. ராஜா மண்டபமும் நடந்துகிட்டுத்தானே இருக்கு.”

கரிச்சான் அடுத்த மரத்துக்குப் பறந்தது. அது மறைந்ததும், ஓலைக்குப் பின்னால் இருந்த ஒரு கூட்டை இரண்டும் சேர்ந்து இரண்டே நாளில் முடித்தன. முட்டைகள் அதற்குள் சேர்ந்தன. அதற்குப் பிறகும் கரிச்சான் இரண்டு முறை வந்தது. முன்னால் ஆடிய பாதிக் கூடுகளைப் பார்த்து அலுத்துத் திரும்பியது. கரிச்சானின் கரிய வால் மறைகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று தாய் சொல்லி வைத்திருந்ததால், குஞ்சுகளும் மூச்சுக் காட்டவில்லை. மூன்று குஞ்சுகளும் பிழைத்துப் பறந்தன.

இதெப்படி என்று அக்கம்பக்கத்துத் தூக்கணாங்குருவிகளெல்லாம் வந்து விசாரித்தன. அடுத்த பருவத்தில் கரை முழுக்கப் பாதிக் கூடுகள். மண்டபத்துக்கு ஒரு நார்கூடப் போகவில்லை.

அந்தப் பருவத்திலிருந்துதான், குடியிருக்க ஒரு கூடு என்றால் பார்வைக்கு நாலைந்து பாதிக் கூடுகளைத் தூக்கணாங்குருவி தொங்கவிடுகிறது. வழிப்போக்கர்கள் அண்ணாந்து பார்த்து, சோம்பேறிக் குருவி, எடுத்ததை முடிப்பதில்லை என்கிறார்கள். முடித்தபோது அதற்கு என்ன நேர்ந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.