செல்லக்கிளியின் முழங்கை

திருப்பூரில் ஒரு பழைய பனியன் கிடங்கில் அமலோற்பவம் பெண்களுக்கு ஜூடோ சொல்லிக்கொடுத்துவந்தார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மோதுவதற்கு முன் இருவரும் வளையல், தோடுகளைக் கழற்றிவைத்து, வெட்டிய நகத்தைக் காட்டி, ஒருவர் தோளில் மற்றவர் இரண்டு முறை தட்ட வேண்டும். வலி தாங்காவிட்டால் இப்படித் தட்டுவேன், உடனே விட்டுவிடு என்று அதற்கு அர்த்தம். நாளாக ஆக, பஸ்ஸில் போகிறபோது கோயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வது மாதிரி எல்லோரும் அதை அவசரமாகச் செய்துவிட்டு ஆட்டத்துக்குப் போனார்கள்.

போன வாரப் பயிற்சியில் மாணவி வடிவு போட்ட கைப்பூட்டுப் பிடியில் செல்லக்கிளியின் வலது முழங்கை உடைந்தது. செல்லக்கிளி பனியன் கம்பெனியில் டைலர். கை இனி முழுசாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விளையாட்டென்றால் அடிபடத்தான் செய்யும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அடிபட்டவள் மட்டும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மாஸ்டர் வடிவைப் பயிற்சி மெத்தையில் ஏற விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி. வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு வடிவு அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னையப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போவீங்களா, மாட்டீங்களா மாஸ்டர்?"

"செல்லக்கிளி தட்டினாளா?"

"தட்டினேன்னு சொல்றா. எனக்குத் தெரியலீங்க. பக்கத்துல நாலு பேரு தொப்பு தொப்புன்னு விழுந்துட்டிருந்தாங்க."

"மெதுவாத் தட்டியிருப்பா."

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். சத்தமாத் தட்டியிருந்தா விட்டிருப்பேனில்ல?"

மாஸ்டர் கிடந்த துண்டொன்றை மடித்துவைத்தார். வடிவுக்கு ஆத்திரம் வந்தது.

"பிடிச்சதை விடாதேன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா. நான்தான்."

அதைச் சொல்லும்போது மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றினார். மெத்தையின் இணைப்புகளைக் காலால் மிதித்து இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். வடிவின் நகங்களை ஒவ்வொன்றாகத் தடவினார். அவள் தோளில் இரண்டு முறை தட்டினார். பிறகு மல்லாந்து படுத்து வலது கையை நீட்டினார்.

"அன்னைக்குப் போட்ட பூட்டைப் போடு."

வடிவு மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு காலையும் அவர் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, கையை இழுத்து, இடுப்பை மெல்லத் தூக்கினாள். மாஸ்டரின் இடது கை மெத்தையின் மேல் சும்மா கிடந்தது.

இன்னும் கொஞ்சம் தூக்கினாள். மாஸ்டர் உதட்டைக் கடித்தார். நெற்றி வேர்த்தது. இடது கை அசையவில்லை.

"தட்டுங்க மாஸ்டர்."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தட்டுங்கன்னு சொல்றேனில்ல!"

அடுத்த நொடி வடிவு கையை உதறிவிட்டுப் புரண்டு விலகினாள். அவளுக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"என்ன பைத்தியக்காரத்தனமுங்க இது? உங்க கை போயிருக்கும்!"

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். வலது கையை மடக்கப் பார்த்தார். பாதிக்கு மேல் மடங்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் தட்டவே இல்லையே. ஏன் விட்டே?"

"இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தா உடைஞ்சிருக்குமுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கையிலயே தெரிஞ்சுது மாஸ்டர். இதுக்கு மேல தாங்காதுன்னு."

வெளியே ஏதோ கம்பெனியின் ஷிப்ட் முடிந்து பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள். அவர்கள் சத்தம் அடங்குகிற வரைக்கும் மாஸ்டர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கும் உன்னோட இதே கைதானே, வடிவு?"