கம்பெனி பிளாக்கில் மயிலாத்தாள்

"டீச்சருங்க, மூணு வருசமா எழுதறனுங்க. ஒரு ஈ, காக்கா படிக்கிறதில்லீங்க."

புலம்பிக்கொண்டே மாடியேறி வந்தவர் நாச்சிமுத்து. அறுபது தாண்டிய ஆள். கோயமுத்தூரில் 'மயிலாத்தாள் வெட் கிரைண்டர்' கம்பெனி அவருடையது. கம்பெனி இணையதளத்தில் பிளாக் என்கிற வலைப்பதிவு எழுதுகிறவரும் அவரேதான்.

டீச்சர் ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை. கம்பெனிக்காரர்களுக்கு பிளாக் எழுதச் சொல்லிக்கொடுப்பது தொழில். சொல்லிக்கொடுப்பது என்று பேர்தான், வாயைத் திறந்தால்தானே! பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"படிங்கண்ணா," என்றாள்.

அவர் போனை எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

"தரமே எங்கள் தாரக மந்திரம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம். அதிநவீனத் தொழில்நுட்பத்தில்..."

ஜெசிந்தா கொட்டாவி விட்டாள். கையை வைத்து மறைக்கக்கூட இல்லை.

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"சும்மா வரலீங்க டீச்சர். பையன் கம்பெனிப் பேரையே மாத்தோணுங்கறான். 'மயிலாத்தாள்னா இந்தக் காலத்துல எவன் வாங்குவான்'னு கேக்கறான். ஆயுத பூஜைக்குள்ள ஜனங்க இந்தப் பேரைத் தேடி வரலீன்னா போர்டைக் கழட்டிருவான். எனக்கு நெஞ்சு தாங்காதுங்க."

"மயிலாத்தாள் யாரு?"

"என்ற சம்சாரமுங்க."

"பிளாக்ல எங்க இருக்காங்க?"

"அவ எதுக்குங்க அதுல? அது கம்பெனி சமாச்சாரம்."

ஜெசிந்தா அவரையே பார்த்தாள்.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லிங்க."

"மாவு யாரு ஆட்டினது?"

நாச்சிமுத்து கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"பாக்கெட் மாவுங்க."

அப்போதுதான் ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன்?"

"வெளிய சொல்லிப்போடாதீங்க, மானம் போயிரும். அவளுக்கு மணிக்கட்டு வலிங்க. நம்ம கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவ முடியறதில்ல. எங்க பட்டறையில டெஸ்ட் பண்றவனெல்லாம் லோடு ஏத்தற பசங்க. ஒத்தைக் கையில தூக்கி வெப்பானுங்க. கல்லு கனமா இருக்குதுன்னு ஒருத்தன் சொல்லலீங்க. ஒரு பொம்பளையைக் கூப்பிட்டுத் தூக்கிப் பாருங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்லீங்க."

"இதை எழுதுங்க."

"ஐயோ! ஊரே கைகொட்டிச் சிரிக்குமுங்க!"

"சிரிக்கட்டும்."

"போட்டிக் கம்பெனிக்காரன் பட்டாசு வெடிப்பானுங்க!"

"வெடிக்கட்டும்."

வந்த கோபத்தில் டீ கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். இந்தப் பொண்ணு நம்மைச் சந்தி சிரிக்க வைக்கப் பார்க்குது என்று வழியெல்லாம் திட்டினார்.

ஆனால் வீட்டுக்குப் போனதும் எழுத உட்கார்ந்துவிட்டார். ஏனென்று அவருக்கே தெரியாது. எழுதி முடித்து, "உன்னைப் பத்தி எழுதியிருக்கறேன், போடட்டுமா?" என்று சமையல்கட்டைப் பார்த்துக் கேட்டார்.

மயிலாத்தாள் வாங்கிப் படித்தாள்.

"நெசந்தானே? போடுங்க."

அடுத்த வாரம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

"டீச்சருங்க! படிக்கறாங்க! பொள்ளாச்சி, தேனி, எங்கெங்கேயோ இருந்து எழுதறாங்க! பையன் எல்லாத்தையும் படிச்சான். போர்டு பேச்சையே எடுக்கலீங்க. கல்லோட கனத்தைக் கொறைக்க முடியுமான்னு பட்டறையில போயி நின்னுட்டிருக்கறான்!"

"என்ன எழுதறாங்க?"

"அதாங்க அதிசயம். விலை கேக்கல, மோட்டார் கேக்கல. பாருங்க, பொள்ளாச்சி அம்மா ஒருத்தர்: 'எனக்கும் இதே வலிதான். மயிலாத்தா அக்காவுக்கு இப்பக் கை எப்படி இருக்கு?' அதுக்குக் கீழயும் அதே கேள்வி. அதுக்குக் கீழயும் அதேதான். முன்னப்பின்ன பாக்காதவங்க, அக்காங்கறாங்க, ஆத்தாங்கறாங்க!"

அவர் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பதில் போட்டீங்களா?"

நாச்சிமுத்து போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"இல்லீங்க."

"ஏன்?"

"என்னன்னுங்க போடறது?" குரல் இறங்கிவிட்டது. "நான் அவகிட்டக் கேட்டதே இல்லீங்களே."

ஜெசிந்தா எழுந்தாள். அறைக்கு வெளியே கிடந்த அவர் செருப்பைக் கையால் எடுத்து, படியைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.